ஸ்பெக் கிளாஸ் ரேஸ் கார்: எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் ஒரு பழைய காரை வாங்கி ஷெட்டில் நிறுத்தி, இருங்காட்டுக்கோட்டையில் ஓட்டும் ஆசையோடு ஸ்பேனரைக் கையில் எடுப்பவர்களுக்காக எழுதியது. டிராக் இங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டர்தான். ஸ்க்ரூட்டினியில் (ரேஸில் விதிப்படி இருக்கிறதா என்று காரைச் சோதிக்கும் இடத்தில்) திருப்பி அனுப்பிய காரை ஏற்றிக்கொண்டு வரும்போது அதே 100 கிலோமீட்டர் ரொம்ப நீளம். கீழே உள்ள கணக்குகள் மாதிரிக்குத்தான். உங்கள் கிளாஸின் எண்களை அந்த வருட ரூல் புக்கில் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்பெக் கிளாஸ் என்றால் எல்லாரும் ஒரே கார் ஓட்டுவதுதானே?

கிட்டத்தட்ட அப்படித்தான். ஒரே மாடல், ஒரே இன்ஜின், ஒரே டயர், பல இடங்களில் ஒரே சஸ்பென்ஷன் கிட். அமெரிக்காவில் மஸ்டா எம்எக்ஸ்-5 காரை வைத்து ஓடும் ஸ்பெக் மியாட்டா இதற்குப் பேர்போனது. நம் நாட்டில் ஸ்விஃப்ட் இன்ஜின் போட்ட ஃபார்முலா எல்ஜிபி 4, கம்பெனியே கார் கொடுத்து நடத்திய போலோ கப் எல்லாம் இந்த ஜாதிதான். கம்பெனி கார் கொடுக்கும் இடத்தில் உங்களுக்கு ஹெல்மெட்டைத் தவிர கவலை இல்லை. சொந்தமாகக் கட்டும் கிளாஸில் காரில் இருக்கும் ஒவ்வொரு நட்டுக்கும் நீங்களே பதில் சொல்ல வேண்டும்.

ரூல் புக்கில் 'கூடாது' என்று எங்கேயும் எழுதவில்லை. அப்போது செய்யலாம்தானே?

கூடாது. புதிதாக வருபவர்கள் அதிகம் மாட்டுவது இங்கேதான். ரோட்டுச் சட்டம் தடைகளின் பட்டியல், ஸ்பெக் ரூல் புக் அனுமதிகளின் பட்டியல். அனுமதி எழுதியிருந்தால் மட்டுமே செய்யலாம். எழுதவில்லை என்றால் அந்தப் பாகம் கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும். 'இதை எங்கே தடை செய்திருக்கிறார்கள்?' என்று தேட வேண்டாம். 'இதை எந்த வரி அனுமதிக்கிறது?' என்று தேடுங்கள்.

இன்னொரு வாசகமும் உண்டு. உலக மோட்டார் விளையாட்டு அமைப்பான எஃப்.ஐ.ஏ.யின் கார் விதித்தொகுப்பு அப்பெண்டிக்ஸ் ஜே-யில் இருப்பது, பல உள்ளூர் விதிகளிலும் அதே பொருளில் வரும்: அனுமதித்த ஒரு மாற்றத்தைச் சாக்காக வைத்து அனுமதிக்காத இன்னொன்றைச் செய்யக்கூடாது. ஏசியைக் கழற்றலாம் என்று இருக்கும். கம்ப்ரஸர் போனதும் பெல்ட் நீளம் பொருந்தாது. 'அதனால்தான் ஆல்டர்னேட்டர் புல்லியை மாற்றினேன்' என்றால் எடுபடாது. பெரிய புல்லி ஆல்டர்னேட்டரை மெதுவாகச் சுற்றி இன்ஜின் சுமையைக் குறைக்கும், அது தனி ஆதாயம். சரியான நீளத்தில் பெல்ட் தேடுங்கள். பிரேக்குக்குக் காற்றுக்குழாய் போடலாம் என்ற வரியும் அப்படித்தான். குழாய்க்குத்தான் அனுமதி, பம்பரில் துளை போட அல்ல. துளைக்கு வேறு வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

'ஃப்ரீ' என்று போட்டிருந்தால் என்ன வேண்டுமானாலும் செய்யலாமா?

அந்தச் சொல்லுக்கு வரையறை இருக்கிறது. எஃப்.ஐ.ஏ. விளக்கப்படி, 'ஃப்ரீ' என்ற பாகத்தை எடுத்துவிடலாம் அல்லது வேறு ஒன்று போடலாம். புதியது பழையதைவிடக் கூடுதலாக எந்த வேலையும் செய்யக்கூடாது. ஏர் ஃபில்டர் ஃப்ரீ என்றால் வேறு ஃபில்டர் போடலாம். அதன் பெட்டியையே பானெட்டுக்கு வெளியிலிருந்து காற்றை அழுத்தித் தள்ளும் குழலாக ஆக்கினால் அது புது வேலை.

இதேபோல நான்கு வினைச்சொற்களைப் பிரித்துப் படியுங்கள்: கழற்றலாம், மாற்றுப்பாகம் போடலாம், திருத்தலாம், வலுப்படுத்தலாம். 'மாற்றுப்பாகம் போடலாம்' என்றால் பழையதை ராவித் திருத்த அனுமதி இல்லை. 'வலுப்படுத்தலாம்' என்றால் அதே வடிவில் மேலே தகடு ஒட்டலாம், இடத்தை நகர்த்த முடியாது.

எந்தப் புத்தகத்தை முதலில் படிப்பது? ஒன்றுக்கொன்று முரண்பட்டால்?

அடுக்கு இப்படி: மேலே எஃப்.ஐ.ஏ. விளையாட்டுச் சட்டம், அடுத்து இந்திய அமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ.யின் பொது விதிகள், அடுத்து அந்தச் சாம்பியன்ஷிப்பின் ஸ்போர்ட்டிங் மற்றும் டெக்னிக்கல் ரெகுலேஷன், கடைசியில் அந்த ரவுண்டுக்கான சப்ளிமெண்டரி ரெகுலேஷனும் புல்லட்டினும் (திருத்த அறிவிப்பு). படிக்கும்போது கீழிருந்து மேலே போங்கள். எண்ணும் தேதியும் கையெழுத்தும் உள்ள புல்லட்டின் போன மாதம் டெக்னிக்கல் ரெகுலேஷனை மாற்றியிருக்கலாம். வாட்ஸ்அப்பில் வரும் ஸ்கிரீன்ஷாட் எதற்கும் ஆகாது. சென்ற வருட அச்சுப்பிரதியும் அப்படித்தான்.

கார் வந்துவிட்டது. முதல் வேலை இன்ஜினா?

கேஜ், அதாவது கார் கவிழ்ந்தால் டிரைவரைக் காக்கும் பைப் கூண்டு. பலரும் இன்ஜினில் காசைக் கொட்டிவிட்டு, கேஜுக்கு மிஞ்சியதைச் செலவழிக்கிறார்கள். கேஜ் தவறினால் பிரித்துப் போட முடியாது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

ராணிப்பேட்டை பட்டறைகளில் பைப்புக்குப் பஞ்சமே இல்லையே. அதில் செய்யலாமா?

பைப் கிடைக்கும். சரியான பைப்பா என்பதுதான் கேள்வி. எஃப்.ஐ.ஏ. ஆர்ட்டிகிள் 253 கேட்பது குளிர்முறையில் இழுத்த, தையல் இல்லாத கார்பன் ஸ்டீல் டியூப். இழுவலிமை குறைந்தது 350 நியூட்டன்/ச.மி.மீ. மெயின் ரோல்பார் (டிரைவருக்குப் பின்னால் நிற்கும் பெரிய வளைவு) 45 மி.மீ வெளிவிட்டத்தில் 2.5 மி.மீ கனம், அல்லது 50 மி.மீ வெளிவிட்டத்தில் 2.0 மி.மீ கனம். மற்ற உறுப்புகள் 38க்கு 2.5, அல்லது 40க்கு 2.0.

பாய்லர் வேலை நடக்கும் ஊர் என்பதால் 44.5 மி.மீ பாய்லர் டியூப் மிச்சமாகக் கிடைக்கும், விலையும் குறைவு. ஆனால் எல்லா பாய்லர் டியூபுக்கும் 350 வலிமை இருக்காது, சிலவற்றில் தையலும் இருக்கும். வெளிவிட்டம் 1.75 இஞ்ச், எஃப்.ஐ.ஏ. அட்டவணை 45 மி.மீ-க்கு இணையாகத் தரும் இஞ்ச் அளவு அதுதான். உங்கள் ரூல் புக் அந்த இஞ்ச் அளவை ஏற்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். ஹார்டுவேர் கடையில் 'ஒன்றரை இஞ்ச்' என்று கேட்டால் 48.3 மி.மீ வெளிவிட்டம் உள்ள தண்ணீர்க்குழாய் வரும். அது பெரும்பாலும் ஈ.ஆர்.டபிள்யூ., அதாவது தகட்டை உருட்டி நீளவாக்கில் வெல்டு வைத்தது. சோதிப்பது எளிது: வெட்டிய முனையில் சுண்டுவிரலை உள்ளே விட்டுச் சுற்றுங்கள். ஒரு இடத்தில் மேடாகக் கோடு தட்டுப்பட்டால் அது தையல். சிலவற்றில் உள்மேட்டைச் சீவியிருப்பார்கள், அதனால் விரலை மட்டும் நம்பாமல் மெட்டீரியல் டெஸ்ட் சர்டிபிகேட்டைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள ஹீட் நம்பர் (எந்த உருக்கு வார்ப்பில் வந்தது என்ற எண்) பைப்பின் மேல் அடித்த நம்பரோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

வளைவுக்கும் கணக்கு உண்டு. நடுக்கோட்டு ஆரம் விட்டத்தைப்போல் மூன்று மடங்குக்குக் குறையக்கூடாது: 45 மி.மீ டியூபுக்கு 135. வளைத்த இடத்தில் குறுக்களவுகள் இரண்டையும் அளந்து, சிறியதைப் பெரியதால் வகுத்தால் 0.9-க்குக் கீழே இறங்கக்கூடாது. கைப்பிடி கிரில் செய்யும் பட்டறையில் மணல் நிரப்பி கேஸில் காய்ச்சி வளைப்பார்கள். கேஜுக்கு அது ஆகாது, குளிர்நிலையில்தான் வளைக்க வேண்டும், அதற்கு மேண்ட்ரல் பெண்டர் நல்லது.

கேஜின் கால்கள் நிற்கும் இடத்தில் பாடித் தகடு 1 மி.மீ கூட இருக்காது. அடியில் குறைந்தது 3 மி.மீ கனம், 120 ச.செ.மீ பரப்புள்ள பிளேட்டை பாடியோடு வெல்டு வைத்து, ஒவ்வொரு காலையும் மூன்று எம்8 போல்ட்டால் பிடிக்க வேண்டும், போல்ட் 8.8 கிரேடு. பத்துக்குப் பன்னிரண்டு செ.மீ துண்டு வெட்டினால் 120 சரியாக வரும். மூலை உருட்டும்போது குறையும், அதனால் 11-க்கு 12 வெட்டுங்கள்.

சீட், பெல்ட் செகண்ட்ஹேண்டில் வாங்கலாமா?

தேதி பார்த்து. பெல்ட்டில் தைத்திருக்கும் லேபிளில் எந்த வருடம்வரை செல்லும் என்று இருக்கும், பார்ப்பதற்குப் புதிதாக இருப்பது கணக்கில்லை. 8855-1999 ஸ்டாண்டர்ட் சீட்டுக்கு ஆயுள் தயாரித்த தேதியிலிருந்து 5 வருடம். தோள் பட்டைகள் சீட்டின் மேல் விளிம்பிலிருந்து பின்னோக்கி இறங்கும் கோணம் 45 டிகிரியைத் தாண்டக்கூடாது, 10 டிகிரிக்குள் வைப்பது நல்லது. பின்சீட் பெல்ட் ஓட்டைக்கே கட்டினால் கோணம் செங்குத்தாகிவிடும். மோதும்போது பட்டை முதுகெலும்பைக் கீழ்நோக்கி அழுத்தும். கேஜில் குறுக்குக் கம்பி வைத்து அதில் சுற்றுங்கள்.

இன்ஜினை ரீபோர் பண்ணி ஹெட் ஃபேஸிங் போட்டால் போதுமா? அது சாதாரண ரிப்பேர்தானே?

ரோட்டுக்காருக்கு ரிப்பேர், ரேஸ் காருக்கு மாற்றம். ரீபோர் சிலிண்டரின் விட்டத்தை (போர்) கூட்டும், ஹெட் ஃபேஸிங் ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவும். கணக்கைப் பாருங்கள். ஜிப்ஸி, எஸ்டீம், பழைய ஸ்விஃப்ட் பெட்ரோலில் வந்த 1.3 லிட்டர் மாருதி இன்ஜின்: போர் 74 மி.மீ, ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 75.5 மி.மீ, கொள்ளளவு 1298 சிசி. உங்கள் கிளாஸ் வரம்பு 1300 சிசி என்று வையுங்கள். லேத்தில் 0.25 ஓவர்சைஸ் போட்டால் 1307 சிசிக்கு மேல். 0.50 போட்டால் 1316. முதல் ஓவர்சைஸிலேயே கிளாஸை விட்டு வெளியே. 1300-க்குள் நிற்க போர் 74.03 மி.மீ-க்கு மேல் போகக்கூடாது. ஓவர்சைஸுக்குத் தனி அனுமதி வரி இருந்தால் தப்பித்தீர்கள். இல்லாவிட்டால் வேறு பிளாக் தேடுங்கள், அல்லது ஸ்டாண்டர்ட் அளவுக்கு லைனர் அடிக்க அனுமதி உண்டா என்று கேளுங்கள்.

ஹெட் ஃபேஸிங்கில் ஆபத்து வேறு. பட்டறைக்காரரிடம் ஒன்றும் சொல்லாமல் கொடுத்தால் பளபளவென்று வரும்வரை எடுத்துவிடுவார். இதே இன்ஜினில் ஒரு சிலிண்டருக்கு 324.5 சிசி. கம்ப்ரஷன் விகிதம் 9.0 என்றால் மேலே மிஞ்சும் இடம் 40.6 சிசி. கால் மில்லிமீட்டர் சீவினால் அதில் அதிகபட்சம் 1.1 சிசி போகும், கம்ப்ரஷன் 9.2-ஐத் தொடும். மெல்லிய ஹெட் கேஸ்கெட்டும் சேர்ந்தால் இன்னும் ஏறும். ஸ்ட்ரெய்ட் எட்ஜும் ஃபீலர் கேஜும் வைத்துப் பாருங்கள். மேனுவல் சொல்லும் வளைவு வரம்புக்குள் இருந்தால் தொடவே வேண்டாம்.

திரும்பி வந்ததும் நீங்களே அளக்கலாம். ஹெட்டைக் கவிழ்த்து மட்டமாக வையுங்கள், பிளக் போட்டிருக்கட்டும், வால்வ் சீட்டில் மெல்லிய கிரீஸ். 6 மி.மீ அக்ரிலிக் தகட்டில் சின்னத் துளை போட்டு, ஓரத்தில் கிரீஸ் தடவி சேம்பர் (எரியறை) மேல் அழுத்துங்கள். ப்யூரெட்டில் மண்ணெண்ணெய் எடுத்து, நிறத்துக்கு இரண்டு சொட்டு 2டி ஆயில் கலந்து, குமிழி போகும்வரை விடுங்கள். துளையோரம் ஒரு கடுகளவு குமிழி நின்றாலும் தகட்டைச் சாய்த்து வெளியேற்றிவிட்டுப் படியுங்கள். நான்கு சேம்பருக்கும் நடுவே அரை மில்லிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஏதோ ஒரு வால்வ் சீட்டை ஆழமாக வெட்டியிருக்கலாம். இதோடு கேஸ்கெட் கனம், பிஸ்டன் குழி, டெக் உயரம் (பிஸ்டன் உச்சிக்கு வரும்போது பிளாக் மட்டத்துக்கு உள்ள இடைவெளி) மூன்றையும் சேர்த்தால்தான் மொத்தக் கணக்கு.

வால்வ் சீட்டுக்குக் கீழே விரல் நுனியளவு இடத்தை ராவுவது சின்ன விஷயம் என்று தோன்றும். 2014-ல் அமெரிக்க ரன்ஆஃப்ஸ் போட்டியில் ஸ்பெக் மியாட்டா முன்வரிசைக் கார்கள் தகுதி இழந்தது சிலிண்டர் ஹெட்டில் செய்த இந்த வகைத் திருத்தத்தால்தான்.

மெக்கானிக் தன்னிஷ்டத்துக்குச் செய்வது எவை?

இது கேட்காமலே சொல்ல வேண்டியது. வேலூர் வெயிலில் சூடேறாமல் இருக்க நம் மெக்கானிக்குகள் நல்லெண்ணத்தில் சில வேலைகளைப் பழக்கமாகவே செய்துவிடுவார்கள்: தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடுவது, ரேடியேட்டர் ஃபேனை டைரக்ட் போடுவது, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் குடைந்து வெறும் டப்பாவாக வைப்பது. நீங்கள் வாங்கிய பழைய காரில் ஏற்கெனவே செய்திருக்கவும் கூடும். மூன்றையும் திறந்து பாருங்கள். தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் லேசான ஓட்டத்தில் சூடு பிடிக்காது. ஈசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) குளிர்ந்த இன்ஜின் என்று நினைத்துக் கூடுதலாகப் பெட்ரோல் விடும். விதிக்கும் கெடுதல், நேரத்துக்கும் கெடுதல்.

'ஒரிஜினல்' என்றால் ஷோரூம் பில் வேண்டுமா?

பார்ட் நம்பர் வேண்டும். ஒரே இன்ஜினில் வருடத்துக்கு வருடம் கேம்ஷாஃப்ட், இன்ஜெக்டர், கியர் விகிதம் மாறியிருக்கும். ரூல் புக் குறிப்பிடும் மாடல், வருடத்துக்கு உரிய நம்பரா என்று பாருங்கள். பழைய நம்பரை கம்பெனி புது நம்பராக மாற்றியிருந்தால் அந்தச் சான்றைக் கோப்பில் வையுங்கள். 'ஒரிஜினலுக்குச் சமமானது' என்ற சொல் விதியில் இருந்தால்தான் வெளிக்கம்பெனிப் பாகம். புஷ், பேரிங், பெல்ட்டுக்குப் பொதுவாக இருக்கும், பிஸ்டனுக்கும் கேமுக்கும் இருக்காது.

கேம்பரை (சக்கரம் நேர்க்குத்திலிருந்து சாயும் கோணம்) எப்படி அளப்பது? லேசர் அலைன்மென்ட் சீட்டு போதாதா?

சீட்டு வீட்டில் இருக்கும், டிராக்கில் அளப்பது அவர்கள். கொத்தனாரின் தூக்குக்குண்டு போதும். தரை மட்டமா என்று மட்டக்குழாயால் பார்த்து, நான்கு சக்கர இடத்தையும் சரிசெய்யுங்கள். டிரைவர் உட்கார, டயரில் ரேஸ் காற்று இருக்க, நூலை ரிம் ஓரம் தொங்கவிட்டு, 350 மி.மீ இடைவெளியில் மேலும் கீழும் அளந்தால் 6.1 மி.மீ வித்தியாசம் ஒரு டிகிரி. வரம்பு 2.5 டிகிரி என்றால் 15 மி.மீ கணக்கு, 2.2-ல் நிறுத்துங்கள், டிராக் ஓரக் கர்ப் ஏறி இறங்கினால் கொஞ்சம் நகரும். வரம்பை எட்டாவிட்டால் ஸ்ட்ரட் டவர் (சஸ்பென்ஷனின் மேல்முனையைப் பாடியில் பிடிக்கும் இடம்) ஓட்டையை ராவி நீளமாக்கும் ஆசை வரும். கேம்பர் போல்ட்டுக்கு அனுமதி இருந்தால் போல்ட் மட்டுமே.

எடை?

பெரும்பாலும் ரேஸ் முடிந்து டிரைவரோடு சேர்த்துக் குறைந்தபட்ச எடை. நெடுஞ்சாலை எடை மேடைகள் 5 அல்லது 10 கிலோ படியில்தான் காட்டும், லாரிக்கு அது போதும். 900 கிலோ வரம்புக்கு அங்கே 900 காட்டினால் உண்மையில் 895 ஆக இருக்கலாம். பந்தயத்தில் 12 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட 9 கிலோ போகும், டிரைவர் வியர்வையில் ஒரு கிலோ. டேங்க் காலியாக, கார்னர் ஸ்கேலில் (சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு தராசு) நிறுத்தி அளந்து, மேலே 5 கிலோ வையுங்கள். பேலாஸ்ட் (எடை கூட்டப் போடும் கட்டி) திடக்கட்டியாக, கருவி கொண்டு பிடித்ததாக, சீல் வைக்க வசதியாக, தரையில் கண்ணுக்குத் தெரியும்படி இருக்க வேண்டும். 300-க்கு 200-க்கு 10 மி.மீ இரும்புத் தகடு ஒன்று 4.7 கிலோ. மணல் மூட்டை, ஈயத்தைக் கேஜ் பைப்புக்குள் ஊற்றுவது எல்லாம் நேராக வெளியே.

டயர்?

கொடுத்த டயர், குறியிட்ட டயர், குறித்த எண்ணிக்கை. மென்மையாக்கும் ரசாயனம் தடவக்கூடாது. அவ்வளவுதான்.

ரூல் புரியவில்லை. யாரைக் கேட்பது?

பேடாக்கில் (டீம்கள் கார் நிறுத்தும் இடம்) பக்கத்து டீமைக் கேட்காதீர்கள். அவர் உங்கள் போட்டியாளர். காரின் விதிகளைப் பார்க்கும் அதிகாரியான டெக்னிக்கல் டெலிகேட்டிடம் எழுத்தில் கேளுங்கள். விதி எண், அதன் வாசகம், நீங்கள் செய்ய நினைப்பது, இரண்டு போட்டோ, 'ஆம் அல்லது இல்லை' என்று பதில் வரும்படியான ஒரு கேள்வி. 'சஸ்பென்ஷனில் என்னென்ன செய்யலாம் சார்?' என்று கேட்டால் 'ரூல் புக் படியுங்கள்' என்றுதான் வரும். ஸ்க்ரூட்டினியில் போன முறை பாஸ் ஆனது இந்த முறைக்குச் சாட்சி ஆகாது. பாஸ் என்றால் அன்று அவர் கண்ணில் படவில்லை என்றும் பொருள்.

என் கார் மேல் புரொடெஸ்ட் (மற்றொரு டீமின் விதிமீறல் புகார்) வந்தால்?

முடிவுப் பட்டியல் ஒட்டியபின் பொதுவாக 30 நிமிடம் அவகாசம், கட்டணம் கட்டி எழுத்தில் தருவார்கள். பிறகு பார்க் ஃபெர்மேயில் (ரேஸ் முடிந்த கார்களை யாரும் தொடாதபடி நிறுத்தும் இடம்) இருந்து நேராகப் பிரிப்பு. அப்போது உதவுவது ஒரு நோட்டு: இடது பக்கம் செய்த வேலை, வலது பக்கம் அதை அனுமதிக்கும் விதி எண், கீழே பில். வலது பக்கம் காலியாக உள்ள வரிகளை ரேஸுக்கு முந்தின வாரமே பழையபடி மாற்றிவிடுங்கள். புதிய கேஸ்கெட் செட் ஒன்றும் காரோடு போகட்டும். பிரித்துப் பார்த்தபின் மூடித்தருவது அவர்கள் வேலை இல்லை.

கட்டி முடித்ததும் வேலூர் கிரீன் சர்க்கிள் வரை ஒரு ரவுண்டு போய் வரலாமா?

வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி பதிவுச் சான்றில் உள்ளபடியிருந்து மாற்றிய வண்டி ரோட்டில் ஓடக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. இன்சூரன்ஸும் பந்தயத்தில் நடந்த சேதத்துக்குத் தராது. இனி ரோட்டுக்கே திரும்பாத அளவு வெட்டிவிட்டால், பிரிவு 55-ன்படி 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.விடம் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும், டி.என். 23 வண்டிக்கு வேலூர், டி.என். 73-க்கு ராணிப்பேட்டை. ஃபைனான்ஸ் பாக்கி உள்ள காரில் கட்டரை வைக்காதீர்கள், என்.ஓ.சி. இல்லாமல் ஆர்.சி. ரத்தாகாது. இருங்காட்டுக்கோட்டைக்கு டோ டிரக்கில்தான் போக வேண்டும். ஏற்றும்போது நான்கு சக்கரத்தையும் பட்டையால் கட்டுங்கள். கேஜில் கட்டி இழுத்தால் சஸ்பென்ஷன் வழியெல்லாம் அழுந்தி நிற்கும், அங்கே போய் அளக்கும்போது ரைட் ஹைட் (தரையிலிருந்து காரின் உயரம்) குறைந்து காட்டும்.